பாதித் தோசையில் எழுந்தவர்கள்

கோலார் தங்கவயலில் தரை குலுங்கினால் யாரும் ஓடுவதில்லை. சுரங்கத்தின் ஆழத்தில் அழுத்தம் தாங்காமல் பாறை வெடிக்கும். மேலே வீடுகளில் பாத்திரங்கள் கடகடக்கும். பேச்சு விட்ட இடத்திலிருந்து தொடரும். கனரக இயந்திரத் தொழிற்சாலையில் வேலை கிடைத்துத் திருச்சியிலிருந்து வந்த புதிதில், முதல் குலுங்கலுக்கே நான் சோப்பு நுரையும் துண்டுமாகத் தெருவுக்கு ஓடிவந்தேன். பிறகு ஸ்கெலட்டன் குடியிருப்பில் ஒரு சுரங்கத் தொழிலாளியின் மகளான சாந்தாவைக் கட்டிக்கொண்டபோது, அவள் வீட்டார் என்னைப் பற்றி முதலில் கேள்விப்பட்டிருந்தது அந்த ஓட்டத்தைத்தான். அதற்கப்புறம் நான் ஓடியதில்லை. இந்த ஊரிடம் நான் கற்றுக்கொண்டது அது ஒன்றுதான் என்று அப்போதெல்லாம் சொல்வேன்; கற்றுக்கொள்ள இங்கே வேறு என்ன இருக்கிறது என்றும் சேர்த்துக்கொள்வேன்.

தொண்ணூறுகளின் நடுவில் எங்கள் கடைத்தெருவான ஆண்டர்சன்பேட்டைக்கு ஒரு ஸ்டைலான தென்னிந்திய உணவகம் வந்து சேர்ந்தது. எங்கள் கல்யாண நாளன்று மாமனாரையும் அழைத்துக்கொண்டு மதியச் சாப்பாட்டுக்குப் போனோம். மச்சான் முருகேசன் இரண்டு மணிக்குச் சுரங்கத்தில் பகல் ஷிப்ட் முடிந்து நேராக அங்கே வருவதாக ஏற்பாடு.

ஏசி அறை; நடுப்பகலில் இருட்டு. பித்தளைத் தட்டில் பிளாஸ்டிக் வாழையிலை. நம் திருச்சி மெஸ்ஸில் நிஜ இலைக்குத் தண்ணீர் தெளிப்பார்கள். இங்கே பொய் இலையைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார்கள். சுண்டைக்காய் அளவு இட்லிகளைப் பல்குச்சியில் கோத்து ஆங்கிலத்தில் பெயர் சூட்டியிருந்தார்கள். தோசை கோமாளித் தொப்பி மாதிரி நிமிர்ந்து நின்றது. சாம்பாரில் வெல்லம். அதை வைத்தவனை நம் ஊரில் அடுப்பங்கரைப் பக்கமே விடமாட்டார்கள்.

கழுத்தில் பட்டாம்பூச்சி மாதிரி கறுப்புப் போ டை கட்டிய நடுவயது சர்வரிடம், "கெட்டிச் சட்னி இருக்கா?" என்று கேட்டேன்.

"நோ சட்னி சார், டூ டிப்ஸ் ஒன்லி."

"தமிழ்தானே நீங்க?"

"இங்க பாலகாட் மைன் லைன்தான் சார்," என்று குரலைத் தாழ்த்திச் சொன்னார், ஏதோ குற்றத்தை ஒப்புக்கொள்வதுபோல.

மாமனார் ரசித்துச் சாப்பிட்டார். "இன்னா மாப்ள, நல்லாத்தான கீது? சாப்டுங்க."

முப்பது வருடம் பாறைத் தூசி தின்ற நாக்குக்கு இதுவே அமிர்தம்தான் என்று நினைத்துக்கொண்டேன். அப்படி நினைத்ததை எழுத இன்று வெட்கமாக இருக்கிறது.

அப்போது குலுங்கியது. தட்டுகள் நகர்ந்தன, தொப்பித் தோசை சாய்ந்தது. நான் அசையவில்லை. ஒரு விள்ளல் பிட்டு வாயில் போட்டுக்கொண்டு, "பார்த்தியா, இப்பல்லாம் நான் ஓடறதே இல்ல," என்றேன்.

நிமிர்ந்தால் சாந்தாவின் நாற்காலி காலி. மாமனார் வாசலைத் தாண்டிவிட்டிருந்தார். சாப்பிட்டுக்கொண்டிருந்த அத்தனை பேரும் பாதித் தோசையில் எழுந்து போய்க்கொண்டிருந்தார்கள். எந்தக் குலுங்கலுக்கு உட்கார்ந்திருக்கலாம், எதற்குக் கூடாது என்று அவர்கள் கால்களுக்குத் தெரிந்திருந்தது. போ டையைக் கழற்றி மேசையில் போட்டுவிட்டுச் சர்வரும் போனார். மிஞ்சியது நானும், பெங்களூரிலிருந்து வந்த முதலாளியும்தான்.

"வாட் ஹேப்பண்ட்?" என்று அவர் என்னைக் கேட்டார்.

மணி ஒன்றரை. முருகேசன் கீழே இருக்கிறான் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

கையைக்கூடக் கழுவாமல் ஓடினேன். சுரங்கத்தின் ஷாஃப்ட் வாசலில் ஊரே நின்றது, சத்தமே இல்லை. ஆட்களை ஏற்றிக்கொண்டு கேஜ் மேலே வரும்போதெல்லாம் பெயர்களைக் கூப்பிட்டார்கள். நாலாவது தடவை முருகேசன் வந்தான், புருவம்வரை புழுதி. மாமனார் அவன் தோளைத் தொட்டுப் பார்த்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

"வந்துட்டான்ல, வா போகலாம்," என்று சாந்தாவின் கையைப் பிடித்தேன்.

யாரோ அயலாரைப் பார்ப்பதுபோல் பார்த்தாள். "நீங்க போங்க. இன்னும் ரெண்டு பேரு உள்ள கீறாங்க."

"யாரு?"

"தெரியாது."

முருகேசன் தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி கூட்டத்தில் போய் நின்றுகொண்டான். தங்கள் ஆள் வந்து சேர்ந்தவர்களும் ஒருவர்கூட நகரவில்லை. சர்வரும் அங்கேதான் நின்றார்.

என் கால்கள் எப்படியோ சுரங்க வளாகத்தின் கேட் வரை வந்துவிட்டிருந்தன.

"உங்க ஆளு வந்துட்டாரா சார்?" என்றார் காவலாளி.

"வந்துட்டான்."

அவர் கேட்டைத் திறந்தார். அதுவரை அந்த வழியாக யாரும் வெளியே போயிருக்கவில்லை. ஒரு காலை எடுத்து வெளியே வைத்தேன். மற்றது வரவில்லை. கூட்டத்தில் ஒருவரும் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

கம்பியைப் பிடித்தபடி காவலாளி கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தார். பிறகு மரியாதையாகவே கேட்டார்: "போறீங்களா சார், இருக்கீங்களா? கேட்ட மூடணும்."