ஜீப்பு கேட்டு எழுதிய கடிதம்

இன்று காலை சேவைச் சங்கத்துப் பெண் ஒருத்தி எங்கள் மலையூரான தலைச்சோலைக்கு வந்தாள். மலையில் நோயில் விழுகிறவர்களை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக ஜீப்பு வாங்க வேண்டுமாம். அதற்குப் பணம் கேட்டு வெளியூர்க்காரர்களுக்குக் கடிதம் எழுதுகிறாள்.

போன மாதம் வண்டி கிடைக்காமல் வழியிலேயே உயிர் போனவர் என் வீட்டுக்காரர். அதனால் என்னிடம் வந்தாள்.

"நூறு பேருக்குக் கஷ்டம்னு எழுதினா யாரும் தரமாட்டாங்க அக்கா. ஒருத்தர் கதையைச் சொன்னாத்தான் மனசு இளகும்," என்றாள். எழுதியதைப் படித்தும் காட்டினாள். அதில் நான் ஆதரவற்ற அபலை.

"ஏன் கண்ணு, இதுல எங்க ஊட்டுக்காரரையே காணமே," என்றேன்.

"அவரைப் பத்தி என்னங்க எழுதறது?"

கட்டிலோடு நாலு பேர் வண்டி வரும் ஒண்டிக்கடைக்குத் தூக்கி வந்தபோது அவர் சொன்னதைச் சொன்னேன்.

"கல்யாணத்தன்னிக்குக்கூட என்னை நடக்க உட்டீங்கடா. இன்னிக்குத்தான் மாப்பிள்ளை ஊர்வலம். நொம்ப ஆட்டாம போங்க."

தூக்கியவர்கள் சிரித்ததில்தான் கட்டில் ஆடியது.

அந்தப் பெண்ணும் சிரித்தாள், கண்ணையும் துடைத்துக்கொண்டாள். அபலை என்ற சொல்லை அடித்துவிட்டு இதை எழுதினாள். பிறகு தன் பையிலிருந்து பத்து ரூபாயை எடுத்து, "முதல் ஆள் நானா இருக்கட்டுங்க அக்கா," என்றாள்.

கடிதத்தில் இன்னும் அரைப் பக்கம் காலியாக இருக்கிறதாம். அவரோடு பழகியவர்களே, அவர் உங்களைக் கிண்டல் செய்தது ஏதாவது நினைவிருந்தால் எனக்குச் சொல்லியனுப்புங்கள். என்னைக் கிண்டல் செய்ததை மட்டும் விட்டுவிடுங்கள், அதற்கு அரைப் பக்கம் போதாது.