நூற்று எண்பத்திரண்டு நாள்

உமாமகேஸ்வரி என் வீட்டுக்குக் குடிவந்தது ஒரு புதன்கிழமை, ஜூலை மூன்றாம் தேதி. இவ்வளவு துல்லியமாக நினைவில் வைத்திருக்கும் அளவுக்கு எனக்கு ஞாபகசக்தி கிடையாது. பின்னால் அந்தத் தேதியை வைத்துக்கொண்டு நாங்கள் பட்ட பாடு அப்படி.

என் பெயர் பரீதா. ரோவல் ரோட்டில் ஒன்பதாவது மாடியில் வீடு. பிறந்ததிலிருந்து இந்தக் குட்டித் தீவு நாட்டில், தமிழர்கள் கூடும் தேக்கா வட்டாரம்தான். ஒரு தொடக்கப்பள்ளி அலுவலகத்தில் இருபத்தாறு வருடமாக வேலை. மகன் கல்யாணமாகி செங்காங்குக்குப் போன பிறகு ஓர் அறை சும்மா கிடந்தது. தெரிந்தவர் மூலமாக உமா வந்தாள்.

அப்போது அவளுக்கு முப்பத்தாறு வயது. ஒல்லியான உடம்பு, கழுத்தில் ஒரு மெல்லிய சங்கிலி, ஒரே ஒரு பெட்டி. ஊர் சென்னை கொளத்தூர். அங்கே தெருவுக்குத் தெரு வண்ணமீன் கடை என்பாள். மீன்வளப் படிப்பு முடித்துவிட்டு மருதப்பன் என்பவருடைய மீன் பண்ணையில் பன்னிரண்டு வருடம் வேலை பார்த்தவள். இங்கே தீவின் வடக்கே கிராஞ்சியில் வண்ணமீன்களை வளர்த்து வெளிநாடுகளுக்கு அனுப்பும் ஒரு பண்ணைக்கு, மீன்களுக்கு நோய் வராமல் பார்த்துக்கொள்ளும் ஆள் தேவைப்பட்டது. அந்த வேலைக்குத்தான் வந்தாள்.

காலை ஆறு மணிக்கெல்லாம் கிளம்பிவிடுவாள். டோபி காட் நிலையத்தில் ரயில் மாறி கிராஞ்சி வரை போய், அங்கிருந்து பண்ணை வேனில் இன்னும் இருபது நிமிடம். சாயங்காலம் வரும்போது கையில் ஒரு நீல அட்டை நோட்டு இருக்கும். எந்தத் தொட்டியில் தண்ணீர் எவ்வளவு சூடு, எத்தனை மீன் செத்தது, எது சரியாகச் சாப்பிடவில்லை என்று தேதி போட்டு எழுதியிருப்பாள். ஒரு நாள்கூட விட்டதில்லை. பண்ணையில் கம்ப்யூட்டர் இருக்கிறதே என்று கேட்டேன்.

"அதுல எழுதறது முதலாளிக்கு அக்கா. இது எனக்கு."

மறு வருடம் மார்ச் மாதம். நோன்புக் காலம், சனிக்கிழமை மத்தியானம். நான் கஞ்சிக்கு அரிசி ஊறப்போட்டுக்கொண்டிருந்தேன். உமா சாப்பாட்டு மேசையில் லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு வெகுநேரம் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். வருமான வரிப் படிவம் நிரப்பச் சொல்லி அவளுக்குக் கடிதம் வந்திருந்தது.

எனக்கு அதெல்லாம் ஒரு வேலையே இல்லை. பள்ளிக்கூடமே என் சம்பள விவரத்தை அனுப்பிவிடும். 'நீங்கள் எதுவும் நிரப்பத் தேவையில்லை' என்று வருடா வருடம் செய்தி வரும், பார்த்துவிட்டு மூடிவிடுவேன். அதனால், "என்ன உமா, அஞ்சு நிமிஷ வேலைலா அது" என்றேன்.

"அக்கா, போன வருஷம் நான் இங்க எத்தனை நாள் இருந்தேன்?"

"ஆறு மாசம்."

"நாள் கணக்கு கேக்குறாங்க."

சுவரில் மாட்டியிருந்த காலண்டரில் புது வருடம் ஆரம்பித்துவிட்டது. பழைய காலண்டரை அலமாரிக்கு விரித்திருந்தேன். அதை உருவிக்கொண்டு வந்து இருவரும் எண்ணினோம். ஜூலையில் இருபத்தொன்பது, ஆகஸ்டில் முப்பத்தொன்று என்று அவள் எழுத, நான் கூட்டினேன். நூற்று எண்பத்திரண்டு வந்தது. அவள் என்னை நம்பாமல் மறுபடி கூட்டினாள். அதே எண்.

"நூத்தி எண்பத்தி மூணு இருந்தாதான் வரிக் கணக்குல இந்த ஊர்க்காரி. இல்லைன்னா வெளியாள்" என்றாள்.

வெளியாளுக்கு வரி வேறு மாதிரி. குடியிருப்பவர்களுக்கு இருக்கிற படிப்படியான விகிதமும் கழிவுகளும் கிடையாது. அவள் சம்பளத்துக்கு அது பெரிய வித்தியாசம். ஆனால் அப்போது அவள் முகத்தில் நான் பார்த்தது பணக் கவலை மாதிரி இல்லை. எண்ணை வெறித்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"ஒரு நாள்தானே குறையுது. ஏன், ரெண்டாம் தேதி வந்திருக்கக் கூடாதா?" என்று வாய் தவறிக் கேட்டுவிட்டேன்.

"ரெண்டாம் தேதிக்குத்தான் டிக்கெட் போட்டிருந்தேன்."

அப்போதுதான் அந்தக் கதையைச் சொன்னாள்.

மருதப்பன் பண்ணையில் ஒரு ஜோடி டிஸ்கஸ் மீன் இருந்ததாம். தட்டு மாதிரி வட்டமாக இருக்கும். மூன்று தடவை முட்டையிட்டு மூன்று தடவையும் தாங்களே தின்றுவிட்டன. நாலாவது தடவை, இவள் கிளம்ப வேண்டிய வாரம், முட்டைகள் பொரித்தன. மணல் துகள் போலக் குஞ்சுகள். அவை நீந்தத் தொடங்கியதும் தாயையோ தகப்பனையோ தேடிப்போய் ஒட்டிக்கொள்ள வேண்டும். பெரிய மீனின் தோலில் சுரக்கிற கசிவுதான் அவற்றுக்கு முதல் உணவு. சீக்கிரம் ஒட்டாவிட்டால் பிழைப்பது கஷ்டம். ஜூலை முதல் தேதி சாயங்காலம் குஞ்சுகள் நீந்த ஆரம்பித்தன, ஆனால் வெறுமனே அலைந்தன. பெரிய மீன்கள் ஒரு மூலையில் மிரண்டு நின்றன.

"மருதப்பன் சார் போம்மா போம்மான்னுதான் சொன்னார். எனக்கு மனசு வரல. தண்ணியைக் குறைச்சேன், விளக்கை மாத்திப் பார்த்தேன், தொட்டியைச் சுத்தித் துணியைக் கட்டினேன். டிக்கெட்டையும் ஒரு நாள் தள்ளிப் போட்டேன். மறுநாள் மத்தியானம் துணியை விலக்கிப் பார்த்தா, தாய் மீன் மேல ஒரு பக்கம் முழுக்கக் குஞ்சு. அது களைச்சுப்போய் உடம்பை ஒரு சிலுப்பு சிலுப்புது. எல்லாம் அப்படியே தகப்பன்கிட்ட தாவுதுங்க. மாறி மாறி."

அவள் சொல்லி முடித்த பிறகும் நான் ஊறின அரிசியை வடிக்காமலே நின்றுகொண்டிருந்தேன். இருபத்தாறு வருடம் பிள்ளைகள் படிக்கிற இடத்தில் இருந்தும் இப்படி ஒன்றை நான் கேள்விப்பட்டதில்லை.

"அப்போ அந்த நாள் வீண் இல்ல" என்றேன்.

"நான் வீண்னு சொல்லவே இல்லையேக்கா. இந்தப் படிவத்துல அதுக்குக் கட்டம் இல்ல, அவ்வளவுதான்."

அதோடு முடியவில்லை. ஊரிலும் அவள் கணக்குத் தாக்கல் செய்ய வேண்டும். இங்கே வருடம் ஜனவரியில் பிறக்கிறது, அங்கே வரிக்கு வருடம் ஏப்ரலில் பிறக்கிறது. ஏப்ரல் ஒன்றிலிருந்து விமானம் ஏறிய நாள் வரை எண்ணினால் தொண்ணூற்று நாலு நாள். இடையில் ஊருக்கே போகவில்லை. அங்கே நூற்று எண்பத்திரண்டு நாள் இருந்தால்தான் உள்ளூர்க்காரி. இங்கே இருந்த அதே நூற்று எண்பத்திரண்டு அங்கே இருந்திருந்தால் போதும், இங்கேதான் போதவில்லை.

உமா பேனாவை வைத்துவிட்டுச் சொன்னாள்: "அங்கயும் நான் இல்லைங்கிறாங்க, இங்கயும் இல்லைங்கிறாங்க. அப்போ போன வருஷம் நான் எங்கதாங்க்கா இருந்தேன்?"

சிரித்துக்கொண்டேதான் கேட்டாள். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. இந்தப் பெண் தினமும் விடிவதற்குள் எழுந்து என் அடுப்பில் டீ போட்டுக் குடித்துவிட்டுப் போனாள். எனக்குக் காய்ச்சல் வந்தபோது தேக்கா மார்க்கெட்டில் கொத்தமல்லி வாங்கி வந்து ரசம் வைத்தாள். கண்ணால் பார்த்த ஆள், காகிதத்தில் இரண்டு நாட்டிலும் இல்லை.

நேரில் போய்க் கேட்டுவிடலாம் என்று நொவீனாவில் இருக்கும் வரி அலுவலகத்தில் நேரம் வாங்கினோம். மார்ச் பள்ளி விடுமுறை வாரம், நானும் கூடப் போனேன். உமா கடவுச்சீட்டு, வேலை அனுமதி, சம்பளச் சான்று எல்லாம் எடுத்துக்கொண்டாள். நான் தடுத்தும் கேட்காமல் நீல நோட்டுகள் ஆறையும் பையில் போட்டுக்கொண்டாள்.

எங்களைக் கூப்பிட்டது நாற்பது வயது மதிக்கத்தக்க ஒரு சீனப் பெண். நிதானமான குரல். உமா தயங்கித் தயங்கி ஆங்கிலத்தில் சொன்னதை இடைமறிக்காமல் கேட்டுக்கொண்டார். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"ஜனவரி ஒன்றாம் தேதி நீங்கள் எங்கே இருந்தீர்கள்?"

உமா பையிலிருந்து கடைசி நோட்டை எடுத்துப் பிரித்தாள். புத்தாண்டு விடுமுறைதான், ஆனால் மீனுக்கு விடுமுறை ஏது. அந்தப் பக்கத்தில் பதினெட்டுத் தொட்டிகளின் வெப்பநிலை எழுதியிருந்தது. ஏழாவது தொட்டியில் தண்ணீர் மாற்றியதாக ஒரு குறிப்பு.

அந்த அம்மா நோட்டைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்தார். அது அவருக்கு அவசியமே இல்லை. நாட்டுக்குள் வந்த தேதியைக் காட்டும் குடிநுழைவுப் பதிவே போதும். இருந்தாலும் விரலை வைத்து வரி வரியாகப் பார்த்தார்.

"இது என்ன எண்கள்?"

"தண்ணீரின் சூடு, மேடம். காலையில் ஒன்று, மாலையில் ஒன்று."

"தினமுமா?"

"தினமும்."

கொஞ்ச நேரம் அதைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "வேலை ஒரு வருடத்தில் தொடங்கி, விட்டுப் போகாமல் அடுத்த வருடத்துக்குள் நீண்டால், இரண்டு வருடத்தையும் சேர்த்து எண்ண ஒரு சலுகை இருக்கிறது. மொத்தம் நூற்று எண்பத்து மூன்று ஆனால் போதும். இரண்டு வருடத்துக்குமே நீங்கள் இங்கே குடியிருப்பவர்தான். உங்களுடைய நூற்று எண்பத்து மூன்றாவது நாள், இது." நோட்டில் ஜனவரி ஒன்றின் மேல் அவர் விரல் இருந்தது.

உமா அந்த விரலையே பார்த்தாள். பிறகு மெதுவாக, "இந்த விதியை ஏன் வைத்தார்கள்?" என்று கேட்டாள். இந்த மாதிரி அலுவலகத்தில் யாரும் கேட்கிற கேள்வி இல்லை அது.

"எல்லோரும் ஜனவரி முதல் தேதி விமானம் ஏறி வருவதில்லையே" என்றார் அந்த அம்மா. "இந்த மேசைக்கு வருகிறவர்கள் முக்கால்வாசிப் பேர் வருடத்தின் நடுவில் வந்தவர்கள்தான்."

வெளியே வந்ததும் நாங்கள் ரயிலுக்குப் போகவில்லை. வாசலை ஒட்டிய படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டோம். மருத்துவமனைக்குப் போகிறவர்களும் மதியச் சாப்பாட்டுக்குக் கிளம்பினவர்களுமாகக் கூட்டம் போய்க்கொண்டிருந்தது. நான் ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். இதில் எத்தனை பேர் வருடத்தின் நடுவில் வந்தவர்கள், யார் யாருக்கு எத்தனை நாள் ஆகியிருக்கும் என்று ஓடியது. ஐம்பத்திரண்டு வருடம் இந்த ஊரில் இருந்திருக்கிறேன். என் நாள் ஒன்றைக்கூட யாரும் எண்ணச் சொன்னதில்லை, நானும் எண்ணினதில்லை.

"எங்கேயோ ஒரு ஆபீஸ்ல யாரோ உட்கார்ந்து என்னை மாதிரி ஒருத்தி வருவான்னு நினைச்சிருக்காங்க பாருங்கக்கா" என்றாள் உமா. "எனக்கு அதுதான் நம்பவே முடியல."

அன்று சாயங்காலமே படிவத்தை அனுப்பிவிட்டாள். அடுத்த சில வாரங்களில் வரிக் கணக்கு வந்தது. அவள் பயந்த அளவில் கால்வாசிகூட இல்லை. மாதா மாதம் கட்டுகிற ஏற்பாட்டைச் செய்துகொண்டாள்.

ஊர்க் கணக்கை ஜூலையில் போட்டாள். அதற்கு ரகசிய எண் அவளுடைய பழைய இந்திய நம்பருக்குத்தான் வரும். அந்த சிம் கொளத்தூரில் அவள் அப்பாவின் செல்போனில் இருந்தது. அவர் பெயர் சின்னத்தம்பி, ஓய்வு பெற்ற பஸ் கண்டக்டர். ஞாயிற்றுக்கிழமை காலை அவரை போனில் ஸ்பீக்கரில் போட்டுவிட்டு உமா படிவத்தைத் திறந்தாள். நான் எதிரே உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன்.

ஓர் இடத்தில் அவள் கை நின்றது. 'இந்தியாவில் குடியிருப்பவரா, இல்லாதவரா' என்ற கேள்வி. சரியான பதில் அவளுக்குத் தெரியும். அதைத்தான் மார்ச்சிலேயே எண்ணி வைத்திருந்தாளே. ஆனாலும் ஒரு நிமிடம் போல அந்த இரண்டு வட்டங்களையும் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு இரண்டாவதைத் தொட்டாள்.

"அப்பா, நம்பர் வந்திருக்கும். சொல்லுங்க."

பஸ்ஸில் ஸ்டாப்பிங் பெயர் சொல்வது போல ஒவ்வோர் எண்ணாக நிறுத்திச் சொன்னார் அவர். உமா தட்டினாள். திரையில் பச்சை எழுத்து வந்தது.

"முடிஞ்சுதா?"

"முடிஞ்சிருச்சுப்பா."

"அப்போ நீ இங்க இல்லன்னு எழுதிக் குடுத்துட்ட."

உமா என்னைப் பார்த்தாள். நான் அடுத்த கீரைத் தண்டை எடுத்தேன்.

"வரிக்கு மட்டும்தான்ப்பா" என்றாள்.

போனில் கொளத்தூர்த் தெருவில் ஏதோ வண்டி ஹாரன் அடித்துக்கொண்டு போகிற சத்தம் வந்தது.

"சரிம்மா" என்றார் சின்னத்தம்பி. "தீபாவளிக்கு எத்தனை நாள் லீவு குடுப்பாங்கன்னு கேட்டுச் சொல்லு. நான் அதை எண்ணிக்கிறேன்."