மாமி எண்ணிய இருபத்தோராம் நாள்

ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போடாமல் பேனாவைத் திறப்பதும் மூடுவதுமாக உட்கார்ந்திருந்தேன். புரொஜெஸ்டரோன் என்ற ஹோர்மோனின் அளவு இரண்டுகூட இல்லை. ரிஸ்னாவுக்கு இப்படி வருவது தொடர்ந்து மூன்றாவது மாதம்.

மாத்தளை டவுனில் ஒரு சிறிய தனியார் லேப்பில் வேலை செய்கிறேன். ரத்தம் எடுப்பதும் நான்தான், மெஷினில் ஓட்டுவதும் நான்தான். ரிஸ்னா உக்குவளைப் பக்கத்துப் பிள்ளை. கலியாணமாகி நாலு வருஷம், இன்னும் குழந்தை இல்லை. ரத்தப் பரிசோதனையையும் ஸ்கேனையும் வைத்து பி.சி.ஓ.எஸ். என்று சொல்லியிருந்தார்கள். இந்தப் பிரச்சினை உள்ளவர்களுக்கு மாதாமாதம் முட்டை வெளியே வருவது தவறிப்போகும். அதை வரவைக்க டொக்டர் மாத்திரை கொடுத்திருந்தார். மாத்திரை வேலை செய்கிறதா என்று தெரிந்துகொள்ளத்தான் மாதவிடாய்க் கணக்கில் இருபத்தோராம் நாள் புரொஜெஸ்டரோன் பார்ப்பது. முட்டை வந்திருந்தால் எண் நன்றாக ஏறும். இவளுக்கு ஏறவேயில்லை.

இந்த மாதமும் ஏறாவிட்டால் மாத்திரையை நிறுத்திவிட்டுக் கொழும்புக்கு அனுப்பப்போவதாக டொக்டர் சொல்லியிருந்தார். அங்கே வயிற்றுக்குள் கெமரா விட்டு ஒப்பரேஷன். ரிஸ்னாவுக்கு என் ஊசியைப் பார்த்தாலே கை சில்லிட்டுப்போகும்.

எதிலாவது பிழை என்றால் நான் முதலில் சந்தேகப்படுவது என்னைத்தான். டியூபை மாற்றி வைத்தேனோ? லேபல் சரியாக இருந்தது. அளவு முன்பே தெரிந்த கன்ட்ரோல் மாதிரியை மெஷினில் ஓட்டிப் பார்த்தேன், அதுவும் சரி. அவளுடைய ரத்தத்தை மறுபடியும் ஓட்டினேன். அதே எண்.

லேப் பொறுப்பாளர் சரத் சேர் பின்னால் வந்து நின்றார்.

"என்ன மிஸ், வீட்டுல கேஸ மூடினீங்களா?"

இது அவர் தினமும் எனக்குச் சொல்லும் பகிடி. ஒருநாள் அடுப்பை மூடினேனா என்ற பயத்தில், பஸ்ஸிலிருந்து பாதி வழியில் இறங்கித் திரும்பிப் போனவள் நான். வீட்டில் இரண்டு வயதுப் பிள்ளை இருந்தால் அப்படித்தான்.

"மூடிட்டேன் சேர். இத இன்னொரு தரம் ஓட்டிப் பாக்கவா?"

"ரெண்டு தரம் ஓட்டியாச்சு. இனியும் ஓட்டினா மெஷினுக்குக் கோவம் வரும். குடுத்துருங்க."

கையெழுத்துப் போட்டேன்.

பெஞ்சில் நடந்த பேச்சு

வெளியே பெஞ்சில் ரிஸ்னாவும் அவளுடைய மாமியாரும் இருந்தார்கள். ரிஸ்னாவின் கணவர் தம்புள்ளைக்கு மரக்கறி லொறி ஓட்டுகிறவர். காலையில் போகிற வழியில் இருவரையும் இறக்கிவிட்டு, திரும்பி வரும்போது ஏற்றிக்கொள்வார். மாமியாரை அவள் மாமி என்று கூப்பிடுவாள். எங்கள் லேப்பிலும் எல்லோருக்கும் அவர் மாமிதான்.

என் முகத்தைப் பார்த்ததும் மாமி எழும்பிவிட்டார்.

"இந்த முறையும் இல்லயா? உங்க மெஷின்ல ஏதோ கோளாறு மிஸ். பேரீச்சம்பழமும் கருஞ்சீரகமுமாக் குடுத்துப் பாத்துக்கிற புள்ள இது."

ரிஸ்னா தலையில் போட்டிருந்த ஷோலின் நுனியை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள். "விடுங்க மாமி. எப்படியும் நாளைக்கு வந்திரும். ஒவ்வொரு மாசமும் ரத்தம் குடுத்துட்டுப் போனா அடுத்த நாளே வந்திருதுதானே."

உள்ளே போகத் திரும்பிய நான் நின்றேன். இருபத்தோராம் நாள் ரத்தம் கொடுத்து, அடுத்த நாள் மாதவிடாயா?

"அப்ப உங்களுக்கு மூணு கிழமைக்கு ஒருக்காவா வருது?"

"இல்ல மிஸ். மாத்திரை தொடங்கினதுல இருந்து மாசத்துக்கு ஒருக்கா, ஒழுங்கா வருது."

"இன்னைக்கு இருபத்தோராம் நாள்னு யார் எண்ணினது?"

"நான்தான்," என்றார் மாமி. "இந்தப் புள்ளைக்கு நேத்து ஆக்கின கறியே ஞாபகம் இருக்காது. குளிச்ச நாள்ல இருந்து நான்தான் எண்ணி வாரேன்."

"குளிச்ச நாள்ல இருந்தா?"

"வேற எதுல இருந்து? ஏழாம் நாள் குளிச்சுச் சுத்தமானாத்தானே கணக்குத் தொடங்கும். அந்த நாளையெல்லாம் யாரு மிஸ் கணக்குல சேக்கிறது? தொழுகையே இல்லாத நாள்."

நானும் பெஞ்சிலேயே உட்கார்ந்துவிட்டேன். என் அம்மாவும் இப்படித்தான். "குளிச்சு எத்தன நாளாச்சு?" என்றுதான் இன்றைக்கும் என்னிடம் கேட்பார். கோயிலுக்குப் போவதற்கு அந்தக் கணக்குப் போதும். லேப்புக்குப் போதாது. எங்களுக்கு முதல் ரத்தம் பட்ட நாள்தான் ஒன்று. மாமியின் இருபத்தொன்று எங்கள் கணக்கில் இருபத்தேழு. முட்டை வந்திருந்தாலும் அதற்குள் புரொஜெஸ்டரோன் ஏறி இறங்கியிருக்கும். இறங்கியதால்தான் அடுத்த நாளே மாதவிடாய் வருகிறது.

"மாத்திரைய எப்ப தொடங்கினீங்க?" என்று பயத்தோடு கேட்டேன்.

"வந்த ரெண்டாம் நாள். மாத்திரை பக்கெட்ல அப்படித்தான் எழுதியிருந்திச்சு," என்றாள் ரிஸ்னா.

அது சரி. பிழையானது ரத்தம் எடுத்த நாள் மட்டும்தான்.

நான் விளங்கப்படுத்தியதும் மாமி விரல்களை மடக்கி மறுபடி எண்ணிப் பார்த்தார். பிறகு, "அப்ப மெஷின் நல்லாத்தான் இருக்கு. கோளாறு நானா?" என்றார்.

"எதுல இருந்து எண்ணுறதுன்னு உங்களுக்கு யாருமே சொல்லலயே மாமி."

டொக்டருக்குப் போன் எடுக்க எனக்குக் கை வரவில்லை. நான் நினைப்பது பிழை என்றால்? ஒப்பரேஷனைத் தள்ளிப்போட்டது நானாகிவிடாதா? சரத் சேரிடம் போனை நீட்டினேன். அவர் வாங்கவில்லை. "கண்டுபிடிச்சது நீங்க. நீங்களே சொல்லுங்க."

டொக்டர் அம்மா முழுவதையும் கேட்டார். பிறகு சிங்களத்தில், "நானும் இருபத்தொன்று என்று சொன்னேனே தவிர, எதிலிருந்து என்று சொல்லவில்லை," என்றார். "கொழும்பு இப்போது வேண்டாம். இன்னும் ஒரு மாதம் மாத்திரை கொடுக்கிறேன். சரியான நாளில் எடுத்துப் பாருங்கள்."

சரியான நாள்

மறுநாள் காலையிலேயே மாமியின் போன். "மிஸ், வந்திருச்சு. இன்னைக்கு ஒண்ணு!" அந்தச் செய்தியை அவ்வளவு சந்தோஷமாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

உரிய நாளில் ரிஸ்னா வந்தாள். வழக்கம்போலக் கை சில்லிட்டிருந்தது. இந்த முறை என் கையும் அப்படித்தான். டியூபை மெஷினில் வைத்துவிட்டு, மகள் சாப்பிட்டாளா என்று வீட்டுக்குப் போன் எடுத்தேன். அம்மா சொன்ன பதில் எதுவும் காதில் விழவில்லை.

பதினாறு.

திரையைப் பார்த்தேன். பெயரைப் பார்த்தேன். டியூபைப் பார்த்தேன். மறுபடி ஓட்டினேன். பதினாறேதான்.

"சேர்!" என்று நான் போட்ட சத்தத்தில் சரத் சேர் தேத்தண்ணிக் கோப்பையோடு ஓடி வந்தார். திரையைப் பார்த்துவிட்டு, "கேஸ மூடியாச்சு மிஸ்," என்றார்.

வெளியே ஓடிப்போய்ச் சொன்னேன். ரிஸ்னா சிரிக்கவுமில்லை, அழவுமில்லை. "அப்ப மாத்திர வேல செய்யுதா?" என்று மட்டும் கேட்டாள். வேலை செய்கிறது என்றேன். அதை இன்னொரு தரம் சொல்லச் சொன்னாள். மாமி, "அல்ஹம்துலில்லாஹ்!" என்று சொல்லி என் கன்னத்தைக் கிள்ளினார். அன்று முழுக்கக் கன்னம் வலித்தது. அந்த வலியோடுதான் அடுத்த டியூப்களுக்கு லேபல் ஒட்டினேன்.

சில மாதங்கள் கழித்து அவர்கள் இன்னொரு டெஸ்டுக்கு வந்தார்கள். கடைசி மாதவிடாய் எப்போது என்று நான் வாய் திறப்பதற்குள் மாமி திகதியைச் சொல்லிவிட்டார். "பட்ட நாள் மிஸ், குளிச்ச நாள் இல்ல!" அந்த டெஸ்ட் பொசிட்டிவ்.

லேப்புக்குப் புதிதாக வருகிற தங்கச்சிமாருக்கு நான் சொல்வது இதுதான். ஹோர்மோன் டெஸ்டுக்கு வருகிறவரிடம் எத்தனையாம் நாள் என்று கேட்காதீர்கள். முதலில் பட்ட திகதியைக் கேட்டு வாங்கி, நாளை நீங்களே எண்ணுங்கள். வெட்கப்பட்டால் கொஞ்சம் பொறுத்து மெதுவாகக் கேளுங்கள். டெஸ்ட் அந்தக் கேள்வியிலேயே தொடங்கிவிடுகிறது.

போன கிழமை ரிஸ்னா வயிற்றைத் தாங்கிக்கொண்டு ரத்தத்தில் சீனி பார்க்கும் டெஸ்டுக்கு வந்திருந்தாள். நான் உள்ளே ரத்தம் எடுத்துக்கொண்டிருந்தபோது, பெஞ்சில் மாமியின் குரல் கேட்டது. இருபத்தோராம் நாள் டெஸ்டுக்கு வந்து பக்கத்தில் இருந்த இளம் பெண்ணிடம் விசாரணை.

"எதுல இருந்து எண்ணினீங்க மகள்? பட்டதுல இருந்தா, குளிச்சதுல இருந்தா?"

"குளிச்சதுல இருந்துதான்..."

"அப்ப எழும்புங்க. பஸ்ஸப் புடிச்சு வீட்டுக்குப் போய், அடுத்த மாசம் சரியா எண்ணிட்டு வாங்க."

சரத் சேர் பதறிப்போய் உள்ளே வந்தார். "மிஸ், அந்தம்மா நம்ம பேஷன்டையெல்லாம் வீட்டுக்கு அனுப்புறாங்க!"

"சரியாத்தான் அனுப்புறாங்க சேர்," என்றேன். சொல்லிவிட்டு, அதைப் பற்றி நான் இரண்டாம் தரம் யோசிக்கவேயில்லை.