கேட்டது விடுமுறை

கண்டியில் பாடசாலைச் சீருடை விற்கும் கடையொன்றில் சரக்கறை என் பொறுப்பு. அது மேல்மாடியில், செங்குத்தான மரப்படிக்கு மேலே இருக்கிறது. எந்த அளவு எந்தத் தட்டில் என்று கண்ணை மூடிக்கொண்டே சொல்வேன். எனக்குப் பதிலாக அங்கே நிற்க ஒருவரும் பழகவில்லை.

நாற்பதைத் தாண்டிய பிறகு மூன்றாவது முறை உண்டானேன். முந்திய இரண்டும் தங்கவில்லை. இந்த முறை டொக்டர் தெளிவாகச் சொன்னார்: ஏழாம் மாதத்திலிருந்து படி ஏறக்கூடாது, பஸ்ஸில் குலுங்கக்கூடாது. நான் தினமும் திகனவிலிருந்து பஸ்ஸில் வருகிறவள். பிரசவ விடுமுறை பிரசவத்தை ஒட்டித்தான் தொடங்கும். அதற்கு முன்னால் வருடாந்த விடுமுறையைச் சேர்த்துக்கொண்டால் புசல்லாவைக்குப் போய் அம்மா வீட்டில் படுத்திருக்கலாம். ஆனால் எனக்கு ஏழாம் மாதம் பிறந்தபோது புது வகுப்புக்குச் சீருடை வாங்கக் கூட்டம் தொடங்கியிருந்தது.

முதலாளி வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்குப் புறப்படுமுன் கேட்டேன். முழுவதையும் நின்று கேட்டார்.

“பார்ப்போம் தங்கச்சி. நீங்க இல்லாட்டி அந்த அறைக்குள்ள யாரு போறது? நான் போனா வழி தெரியாம உள்ளுக்கே மௌத்தாயிருவேன்.”

மறுவாரம் நான் உட்கார மெத்தை வைத்த கதிரையொன்று மேலே வந்தது. அவரே தூக்கி வந்தார். நன்றி சொன்னேன். வேறென்ன சொல்வது?

காசு மேசையில் இருக்கும் யாழ்ப்பாணத்துப் பிள்ளை கதிரையைச் சுற்றிப் பார்த்தாள். “இன்னொருக்காக் கேளுங்கோ அக்கா, கட்டிலும் வரும்.”

இருவரும் சிரித்தோம்.

இரண்டாவது முறை கேட்டபோது டொக்டர் சொன்னதை அப்படியே சொன்னேன். முதலாளியின் முகம் வாடிப்போனது. “இத முன்னமே சொல்ல வேணாமா?” அடுத்த நாள் காலையில் அவருடைய வேன் என் வீட்டு வாசலில் நின்றது. மேலே ஒரு மடிப்புக் கட்டில் போட்டிருந்தார்கள். காலையில் ஒரு தரம் ஏறி, மாலையில் இறங்கினால் போதுமாம். பகலுக்கு அவர் மனைவி கஞ்சி கொடுத்தனுப்பினார். கட்டிலைப் பார்த்த அந்தப் பிள்ளை அன்று சிரிக்கவில்லை.

வீட்டில் என் கணவர் கேட்டார், “முடியாதுன்னு சொன்னாரா?”

“சொல்லல.”

“அப்ப குடுப்பாரு.”

முடியாது என்று சொல்லியிருந்தால் தொழில் அலுவலகத்துக்குப் போயிருப்பேன். கஞ்சி அனுப்புகிறவர்மேல் எப்படிப் புகார் சொல்வது?

புதுத்துணியின் கஞ்சிப்பசை வாசத்தில் ஒருக்களித்துப் படுத்திருப்பேன். கீழேயிருந்து குரல் வரும். “அக்கா, வெள்ளைக் கால்சட்டை முப்பத்திரண்டு எங்க?” படுத்தபடியே, “ஜன்னல் பக்கம், மேலருந்து ரெண்டாவது தட்டு” என்பேன். சத்தம் போட்டுச் சொல்லும்போது வயிறு கல்லாக இறுகும். கையை அதன்மேல் வைத்துக்கொண்டு அடுத்த கேள்விக்குக் காத்திருப்பேன்.

வலி அந்தக் கட்டிலில்தான் தொடங்கியது, நாள் வருவதற்கு வெகு முன்பே. படியில் பின்பக்கமாக இறங்கினேன். ஒவ்வொரு படியிலும் யாழ்ப்பாணத்துப் பிள்ளை என் காலைப் பிடித்து வைத்தாள்.

மகள் உயிரோடு பிறந்தாள். மிகச் சிறியவள். ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துக் காப்பாற்றிக் கொடுத்தார்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு முதலாளி மனைவியோடு வந்தார். பிள்ளையைப் பார்த்துக் கண் கலங்கினார். எடுக்காத வருடாந்த விடுமுறை அப்படியே இருந்தது. பிரசவ விடுமுறை முடிந்ததும் அதைச் சேர்த்துத் தரும்படி கேட்டேன்.

“பிள்ளைக்கு இன்னும் நெறை காணாது மொதலாளி. கொஞ்ச நாள் கூட இருந்துட்டு வர்றேன்.”

அவர் பிள்ளையின் விரலைப் பிடித்துக்கொண்டிருந்தார். “பார்ப்போம் தங்கச்சி.”

பிரசவ விடுமுறை முடியும் வாரத்தில் யாழ்ப்பாணத்துப் பிள்ளை கடையிலிருந்து போன் எடுத்தாள்.

“அக்கா, மேல உங்கட கட்டிலுக்குப் பக்கத்தில ஒரு தொட்டில் கொண்டு வந்து வச்சிருக்கினம்.”

போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு மகளைத் தூக்கினேன்.

“நல்ல மரம்” என்றாள்.