ரமணாவும் அந்த மிலிட்டரி வேனும்

ரமணா போய்விட்டான்.

காலையில் திருப்பதியிலிருந்து அவன் மகன் போன் செய்தான். "மாமா... நைனா தூக்கத்துலயே..." என்றான்.

எனக்கு எண்பத்தெட்டு வயது. விரல் நடுங்குகிறது. அதனால் போனில் பேசுகிறேன், அது டைப் செய்துகொள்கிறது. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ரமணா சித்தூர் ஹைஸ்கூலில் என் பெஞ்சில் உட்கார்ந்தவன். அவன் தெலுங்கு. நான் நகரியில் தறி ஓட்டும் தமிழ்க் குடும்பம்.

இப்போது பிள்ளைகள் கேரவன், கேம்பிங் என்று வீடியோ போடுகிறார்கள். நானும் லைக் போடுகிறேன். உள்ளுக்குள் ஒரு சிரிப்பு... நாங்கள் அதை இருபது வயதிலேயே செய்துவிட்டோம்.

அவன் அப்பா மிலிட்டரி ஏலத்தில் ஒரு பழைய ஆம்புலன்ஸ் வேன் எடுத்திருந்தார். அதை மாங்காய் ஏற்றும் லாரியாக மாற்றுவதாக இருந்தது. "பாடியைப் பிரிக்கிறதுக்கு முன்னால ஒரு வாரம் குடு நைனா" என்று ரமணா கெஞ்சி வாங்கிவிட்டான்.

உள்ளே இரண்டு ஸ்ட்ரெச்சர் அப்படியே இருந்தது. அதுதான் கட்டில். ஒரு மண்ணெண்ணெய் ஸ்டவ், அரிசி மூட்டை, ஊறுகாய் ஜாடி. கிளம்பிவிட்டோம்.

எப்போது என்றால்... ஆந்திரா தனி மாநிலமாகிவிட்டது, ஆனால் எல்லை எங்கே என்று தீரவில்லை. எந்த ஊர் எந்தப் பக்கம் என்பதுதான் டீக்கடையில், பஸ்ஸில், எங்கும் பேச்சு.

என் அப்பாவை நாங்களும் நைனா என்றுதான் கூப்பிடுவோம். நகரி தமிழ்ப் பக்கம் சேர வேண்டும் என்று நடந்த கூட்டத்துக்கெல்லாம் அவர் போய்க்கொண்டிருந்தார். வீட்டில் யாராவது ஒரு வார்த்தை தெலுங்கு பேசினால் சாப்பாடு கிடையாது. ரமணாவோடு சுற்றக் கூடாது என்று எனக்குக் கண்டிப்பான உத்தரவு. சித்தூரில் வேலை தேடுகிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் வேனில் ஏறினேன்.

முதல் நாள் பாலசமுத்திரம் பக்கம் ஒரு மாந்தோப்பில் வண்டியை நிறுத்தினோம். ரமணா பானெட் மேல் மேப்பை விரித்து வழி பார்த்துக்கொண்டிருந்தான். காக்கி வேன், பேன்ட் போட்ட இரண்டு பேர், மேப்... ஊரே கூடிவிட்டது. எல்லைக்கோடு போட வந்த ஆபீசர்கள் என்று நினைத்துவிட்டார்கள்!

ஒரு அம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். "எம் பொண்ணு பள்ளிப்பட்டுல கீறா சாமி. மாசமா கீறா. நீங்க கோடு போட்டுட்டா நான் போய்க்கினு வந்துக்கினு இருக்க முடியாதா?"

ரமணா சட்டென்று மேப்பை மடித்தான். "அம்மா, நாங்க ஆபீசரு இல்ல. சும்மா ஊர் சுத்த வந்த பசங்க. ஆனா பெத்த பொண்ணைப் பாக்கப் போறதை எந்தக் கோடும் தடுக்காதும்மா."

கூட்டத்தில் சிலர் முறைத்தார்கள். அந்த அம்மாதான் சிரித்தாள். "ஆபீசரு இல்லன்னா பசிக்காதா? உக்காந்து துன்னுங்க" என்று களியும் கீரையும் கொண்டுவந்து வைத்தாள்.

அங்கிருந்து புத்தூர், சத்தியவேடு... நகரியை மட்டும் சுற்றிக்கொண்டு போனோம், நைனா கண்ணில் படாமல். கடைசியில் தடா. ஏரிக்கரையில் வேனை நிறுத்தி, மீன் வாங்கிச் சுட்டுத் தின்றோம். தண்ணீரில் அத்தனை பறவைகளை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

மறுநாள் காலையில் என்னால் எழுந்திருக்க முடியவில்லை. உடம்பு நெருப்பாகக் கொதித்தது. பேச்சு குழறியது.

"ஒரேய் ஏகாம்பரம், பயப்படாதடா. படுத்துக்கினு இரு. நான் கீறேன்ல" என்றான். அது ஒன்றுதான் தெளிவாக நினைவிருக்கிறது.

நான் விழாமல் இருக்க என்னைத் தன் வேட்டியாலேயே ஸ்ட்ரெச்சரோடு கட்டினான். காளஹஸ்தி வழியாகத் திருப்பதிக்கு ஓட்டினான். வழியெல்லாம் நிறுத்தி நிறுத்தி என் நெற்றியில் ஈரத்துணி மாற்றினானாம். அந்தப் பழைய ஆம்புலன்ஸ் மறுபடியும் ஆம்புலன்ஸ் ஆனது.

டைபாய்டு. இன்னும் ஒரு நாள் போயிருந்தால் கஷ்டம் என்றாராம் டாக்டர்.

திருப்பதியில் அவன் அத்தை வீட்டில்தான் கிடந்தேன். கஞ்சி ஊட்டினான். வாந்தியைத் துடைத்தான். என் துணியை அவனே துவைத்தான். நகரிக்கு ஆள் அனுப்பியதும் அவன்தான். வேண்டாம்டா, நைனா உன்னை அடித்துவிடுவார் என்று அழுதேன். "அடிச்சா அடிக்கட்டும். பெத்தவருக்குத் தெரியாம எப்படிடா?" என்றான்.

நைனா வந்தார். வாசலிலேயே நின்றுவிட்டார். உள்ளே நான் படுத்திருக்கிறேன். முற்றத்தில் ரமணா உட்கார்ந்து என் படுக்கை விரிப்பைக் கசக்கிக்கொண்டிருக்கிறான். சோப்பு நுரை கையோடு எழுந்து நின்றான். அவன் முகத்திலும் பயம்.

நைனா அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"அன்னம் தின்னாவா நாயனா?"

தெலுங்கில். சாப்பிட்டியாப்பா என்று. அந்த வாயிலிருந்து நான் கேட்ட முதல் தெலுங்கு.

ரமணா தலையை ஆட்டினான், இல்லை என்று. இரண்டு பேருமே அழுதுவிட்டார்கள்.

அப்புறம் எல்லை தீர்ந்தது. பள்ளிப்பட்டு தமிழ்ப் பக்கம் போனது, நகரி ஆந்திராவிலேயே நின்றது. நைனாவுக்குக் கடைசி வரை அதில் வருத்தம்தான். ஆனால் வருஷா வருஷம் பொங்கலுக்கு ரமணாவுக்கென்று ஒரு வேட்டி தன் கையால் நெய்து அனுப்புவார்.

அந்தக் காய்ச்சலுக்குப் பிறகுதான் எனக்குக் கல்யாணம், மூன்று பிள்ளைகள், பேரன் பேத்திகள்... இந்தப் பதிவைப் படிக்கிற உங்கள் எல்லோருடைய பழக்கமும்.

அவ்வளவும் நீ கொடுத்ததுடா, ரமணா.

நாளைக் காலையில் திருப்பதிக்கு வருகிறேன். உன்னைப் பார்த்துவிட்டு, உன் பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருக்கிறேன்.