அத்தை தொட்ட இறக்கை

மாத்தூரில் என் வீட்டுக் கூடத்தில் ஒரு விளக்கு தொங்குகிறது. பழைய சர்ச் ஜன்னலைப் போல மேலே கூம்பிய கறுப்புச் சட்டம், அதற்குள் சிவப்பும் நீலமுமாகக் கண்ணாடித் துண்டுகள், உச்சியில் இறக்கை மடித்துக் குந்தியிருக்கும் பித்தளை உருவம். எங்கே வாங்கியது என்று வருகிறவர்கள் கேட்பார்கள். இராயபுரத்து அத்தையுடையது என்று சொல்லிப் பேச்சை மாற்றிவிடுவேன்.

அதை வாங்கி வந்தவன் அத்தையின் ஒரே மகன். விசைப்படகில் மீன்பிடிக்கப் போகிறவன், கண்ணில் பட்டதையெல்லாம் வீட்டுக்குத் தூக்கி வருகிறவன். கப்பல் சாமான் விற்கும் பழைய கடையில் பிடித்தானாம். "யம்மா, காவல் சம்மனசு முட்டி போட்டுகினு கீது பாரு" என்று சேசு படத்துக்குப் பக்கத்தில் ஆணியடித்து மாட்டினான். வீட்டுக்கே தேவதூதர் வந்துவிட்ட பெருமை அத்தைக்குத் தாங்கவில்லை, தெருவையே கூப்பிட்டுக் காட்டினாள். அடுத்த மழைக்காலத்தில் அவன் போன படகு திரும்பவில்லை. ஒரு பலகைகூடக் கிடைக்கவில்லை. இறந்தவர்களுக்கான பூசை வைத்துவிடலாம் என்று அப்பா மெல்லச் சொன்னபோது அத்தை கொதித்துப்போனாள். "இன்னாடா பேசுற நீ? எம்புள்ள வந்துகினு கீறான்." தினமும் செபமாலை முடிந்ததும் எக்கி அந்த இறக்கையைத் தொட்டு, "எம்புள்ளய கூட்டினு வா" என்பாள். தொட்டுத் தொட்டு அங்கே மட்டும் கறுப்புச் சாயம் போய்ப் பித்தளை பளிச்சென்று இருந்தது.

தீர்த்தம் தெளித்து வீடு மந்திரிக்க வந்த, சர்ச்சின் புதுச் சாமியார்தான் உற்றுப் பார்த்தார். "இது சம்மனசு இல்லம்மா. வெளிநாட்டுல கோதிக் பாணிக் கோயில் கூரையில வைக்கிற பசாசு உருவம். இப்ப வீட்டு அழகுக்குன்னு செஞ்சு விக்கிறாங்க" என்று போனில் படம் வேறு காட்டினார். கொம்பும் கோரைப்பல்லும் அப்படியே இருந்தன. நல்ல மனுஷர்தான். ஆனால் அன்றைக்கு அவர் வாயை மூடிக்கொண்டு போயிருக்கலாம் என்ற கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை.

மகன் மாட்டிய விளக்கை அத்தையால் கழற்ற முடியவில்லை. கொஞ்ச நாள் அதன் பக்கமே போகாமல் இருந்தாள். பிறகு ஒரு சாயங்காலம், செபமாலையைக்கூட எடுக்காமல் நேரே போய் இறக்கையைத் தொட்டாள். "அத்தை, அது பசாசுன்னு சாமி சொன்னாரே" என்று பதறினேன்.

"மாதாவாண்ட கேட்டாச்சு, சம்மனசாண்ட கேட்டாச்சு. யாரு கொண்ணாந்து வுட்டா இன்னாடா?" என்றாள், திரும்பாமலே.

யாரும் கொண்டுவந்து விடவில்லை. போன வருடம் அத்தையும் போய்விட்டாள். அவளுடைய பூசையில் மகன் பெயரையும் சேர்த்துப் படிக்கச் சொன்னார் அப்பா. சண்டை பிடிக்க அவள் இல்லை.

இங்கே பக்கத்து மணலி ஆலைகளின் புகை, கண்ணாடியைத் துடைத்த மறுநாளே கரி படிந்துவிடுகிறது. நேற்று ஸ்டூலில் ஏறித் துடைக்கும்போது கவனித்தேன், இறக்கையிலும் பச்சைக் களிம்பு ஏறியிருக்கிறது. புளி போட்டுத் தேய்த்தால் போய்விடும். துணியை அந்தப் பக்கம் கொண்டுபோகாமல் இறங்கிவிட்டேன். தொட்டுவிட்டு யாரைக் கூட்டி வரச் சொல்வது?