ரத்தம் வராத அடி

தலையில் அடிபட்டவர் எழுந்து நடந்தாலும், பேசினாலும், சிரித்தாலும் அவரை உடனே மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும். இது விதி. எர்ணாவூர் கன்டெய்னர் யார்டில் பாதுகாப்பு அதிகாரியாக இருந்தபோது இதை வகுப்பெடுத்துச் சொல்லிக்கொடுத்தவன் நான். சேகரை மட்டும் அனுப்பவில்லை.

யார்டுத் தொழிலாளியான அவன் ஒரு கன்டெய்னரைத் திறக்கும்போது, இறுகிக் கிடந்த கதவுக் கம்பி தெறித்து அவன் தலையில் அடித்தது. ஹெல்மெட் பிளந்துபோனது. சேகர் எழுந்து உட்கார்ந்து தலையைத் தடவிக்கொண்டான்.

"ரத்தமே வர்ல சார். இதுக்கு இன்னாத்துக்கு ஆஸ்பத்திரி?"

"அவன் மண்டைல இன்னா கீது சார், அடிபட?" என்றான் கூட வேலை செய்த பாபு. எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான்…

யார்டு வாசலில் 'விபத்தில்லா நாட்கள்' என்று ஒரு பலகை. மறுவாரம் அதற்காக எங்களுக்கு விருது விழா. ஆஸ்பத்திரிக்கு ஒருவனை அனுப்பினால் பலகையில் பூஜ்யம் எழுத வேண்டும். ஆகவே எங்களிடம் ரத்தம் வராத அடி விபத்தாகாது; ஒரு சோடா குடித்து நிழலில் படுத்தால் சரியாகிவிடும். சோடா வாங்கிக் கொடுத்தேன்.

மூளையின் ரத்தக்குழாய்களுக்கு என் விழாவைப் பற்றி என்ன தெரியும்? அவற்றின் உட்சுவரில் செல்கள் இடைவெளியின்றி நெருங்கி நிற்கின்றன. ரத்தத்திலிருந்து எதை மூளைக்குள் விடலாம், எதைக் கூடாது என்று பார்ப்பவை அவை. பலத்த அடிபட்டால் அந்தப் பிணைப்பு தளரும். உடனே தெரியாது. பிறகு நீர் கசியும், மூளை வீங்கும். மண்டையோட்டுக்குள் வீங்க இடம் ஏது?

இது அப்போது தெரியாது என்று உங்களிடம் சொல்லித் தப்பிக்கலாம். ஆனால் என் வகுப்பில் நானே படம் போட்டு விளக்கியிருக்கிறேன்…

அன்று மாலை நெட்டுக்குப்பத்தில், தன் வீட்டு வாசலில் சேகர் வாந்தியெடுத்து விழுந்தான். செய்தி கேட்டு நான் போனபோது, ஆஸ்பத்திரியில் அவன் மனைவி கஸ்தூரி என்னிடம் ஓடி வந்தாள்.

"வேலைல எங்கனா அடிபட்டுச்சா சார்? டாக்டரு கேட்டுக்கினே கீறாரு."

"இல்லையேம்மா," என்றேன்.

விருதை மேடையேறி வாங்கினேன்.

சேகர் பிழைத்தான், அதற்குப் பெயர் பிழைப்பு என்றால். படுக்கை, பேச்சில்லை. யார்டைப் பொறுத்தவரை அவன் வீட்டில் வழுக்கி விழுந்தவன்; அவன் வைத்தியம் அவன் பாடு. நான் ஓய்வு பெற்று, வரவேண்டியதெல்லாம் வந்த பிறகே எனக்கு மனசாட்சியும் வந்தது. வரிசைமுறை தவறவில்லை, பாருங்கள். நடந்ததை எழுதி நிர்வாகத்துக்கு அனுப்பினேன். நினைவூட்டல்களும் அனுப்பினேன். கஸ்தூரியிடம்? இன்றுவரை சொல்லவில்லை…

பதில் வந்தது. விசாரணை தொடங்க, சம்பந்தப்பட்ட தொழிலாளியை நேரில் அழைத்து வர வேண்டுமாம். முறையான பதில், என்னால் ஒரு குறையும் சொல்ல முடியாது. அது வந்த தேதி, சேகரின் பதினாறாம் நாள் காரியத்துக்கு மறுநாள்.